ஓட்டையை முதலில் யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 15 பிறந்தால் எங்கள் கரையில் விசைப்படகுகளுக்கு ஓய்வு. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், இராமேசுவரம் என எங்கே போனாலும் படகுகள் கரையேறிக் கட்டைகளின் மேல் சாய்ந்து நிற்கும். மண்டபத்தில் எனக்குப் பழக்கமான படகுத் தச்சர் ஒருவர் அந்த நாட்களில் சிறு சுத்தியலும் சாக்பீசுமாக அலைவார். அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே நகர்வார். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உளுத்த மரத்தில் சத்தம் அமுங்கிப் போகும். அந்த இடத்தில் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விடுவார். சுற்றி நிற்பவர்கள் என்ன கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். படகுக்காரர் தனியாக வந்த பிறகுதான் பேச்சு.

ஏன் இந்த ரகசியம் என்று ஒருமுறை கேட்டேன். “தம்பி, ஓட்டை இருப்பது படகுக்காரனுக்குத் தெரிந்தால் அடைப்பான். ஊருக்குத் தெரிந்தால் முன்பணம் கொடுத்த வியாபாரிதான் முதலில் வந்து நிற்பான். படகு அப்படியே கிடக்கும்” என்றார்.

நான் செய்வது வேறு தொழில். இறால், நண்டு, கணவாய் வாங்கும் கொள்முதல் நிலையங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். மூன்று பேர், இராமநாதபுரத்தில் ஒரு மாடி அறை, அவ்வளவுதான் நிறுவனம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிரலை (புரோகிராமை), அதில் பிழை தேடித் தரும் தானியங்கித் தணிக்கைச் சேவை ஒன்றில் சேர்த்தோம். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானுக்கு மேலே பக்கம் பக்கமாக விதிகள் இருந்தன. எல்லோரையும் போல நானும் படிக்காமலே அழுத்தினேன். அதன் பிறகு பட்ட பாட்டில்தான் உட்கார்ந்து படித்தேன். அவற்றில் பாதிக்கு மேல் தச்சர் சொன்ன விஷயமாகவே இருந்தது. பிழையைக் கண்டுபிடிப்பது பற்றி அந்த விதிகள் அதிகம் பேசவில்லை. யாருடைய நிரலைத் தட்டிப் பார்க்கலாம், தட்டியதில் தெரிந்ததை யார் பார்க்கலாம், யாரிடம் எப்போது சொல்லலாம் என்பதையே திரும்பத் திரும்பப் பேசின.

தட்டிப் பார்க்கும் இயந்திரம்

நிரலை ஓட விடாமல், எழுதி வைத்திருப்பதைப் படித்தே பிழை சொல்வதுதான் இந்தக் கருவிகளின் வேலை. நிலைப் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, 1978இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய ‘லின்ட்’. துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் தூசிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. சி மொழி நிரல்களில் ஒட்டிக் கிடக்கும் சில்லறை அழுக்கைப் பொறுக்கி எடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. பிறகு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாசன் எங்லரும் அவருடைய மாணவர்களும் செய்த ஆராய்ச்சியிலிருந்து கவரிட்டி என்ற நிறுவனம் பிறந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் துணையோடு, திறந்த மூல மென்பொருள்களை, அதாவது யாரும் படிக்கும்படி நிரலைத் திறந்து வைத்திருப்பவற்றை, இலவசமாகச் சோதித்துத் தரும் ‘கவரிட்டி ஸ்கேன்’ சேவை 2006இல் தொடங்கியது. அந்த நிறுவனம் 2014இல் சினாப்சிஸ் கைக்குப் போய், 2024இல் அங்கிருந்து பிரிந்து, இப்போது பிளாக் டக் என்ற பெயரில் நடக்கிறது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2019இல் செம்மில் நிறுவனத்தை வாங்கி, அதன் கோட்கியூஎல் கருவியைத் தன் தளத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. சோனார் போல இன்னும் பல உண்டு.

கருவி எப்படிப் படிக்கிறது என்று தெரிந்தால்தான் விதிகள் புரியும். நிரலில் ‘இப்படியானால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்ற ஒரு வரி வந்தால் பாதை இரண்டாகப் பிரிகிறது. அப்படிப்பட்ட வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக 20 இருந்தால், போகக்கூடிய பாதைகள் 10,48,576. எங்கள் ரசீது போடும் பகுதியில் மட்டும் அதைவிட அதிகம் இருக்கும். எல்லாப் பாதையிலும் நடந்து பார்க்க எந்தக் கணினிக்கும் நேரம் போதாது. அதனால் கருவிகள் சில பாதைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும், சிலவற்றை விட்டுவிடும், சில இடங்களில் ஊகிக்கும். இது சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அதன் நடத்தையைத் தவறாமல் முன்கூட்டியே சொல்லிவிடும் பொதுவழி ஒன்று இருக்கவே முடியாது என்பதை 1936இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கும் 1953இல் ஹென்றி ரைசும் கணித முறைப்படி நிறுவிவிட்டார்கள்.

பாதையைத் தொடர்வதோடு இன்னொரு வேலையும் உண்டு. வெளியிலிருந்து வரும் தகவலுக்கு ஒரு சாயம் பூசிவிட்டு, அந்தச் சாயம் எங்கெல்லாம் பரவுகிறது என்று பார்ப்பது. எங்கள் நிரலில் கருவி முதலில் பிடித்தது அப்படி ஒன்றைத்தான். படகின் பெயரைத் தட்டச்சு செய்து தேடும் பெட்டி ஒன்று வைத்திருந்தோம். தட்டியதை அப்படியே எடுத்துத் தரவுத்தளக் கேள்விக்குள் ஒட்டிவிட்டேன். இங்கே கிறித்தவர்களின் படகுகள் பலவற்றில் புனிதர்களின் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ‘செயின்ட் மேரீஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி எழுத்துக்கு முன் ஒரு ஒற்றை மேற்கோள் வருமல்லவா? அந்தக் குறி கேள்வியைப் பாதியில் வெட்டிவிடும். நல்லவர் தட்டினால் பிழைச் செய்தி வரும். விவரம் தெரிந்த கெட்டவர் அதே இடத்தில் தன் கட்டளையைச் சொருகினால் மொத்தக் கணக்கும் அவர் கையில். எஸ்.கியூ.எல். ஊடுருவல் என்று இதைச் சொல்வார்கள். சாயம் தேடல் பெட்டியில் தொடங்கி, நான்கு கோப்புகளைக் கடந்து, தரவுத்தளத்தில் போய் நின்றதைக் கருவி அம்புக்குறிகளோடு வரைந்து காட்டியது. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

யாருடைய பலகையைத் தட்டுகிறாய்?

ஏறக்குறைய எல்லாச் சேவைகளிலும் முதல் விதி இதுதான்: நிரல் உன்னுடையதாக இருக்க வேண்டும், அல்லது உரியவரின் அனுமதி இருக்க வேண்டும். கவரிட்டி ஸ்கேனில் யார் வேண்டுமானாலும் ஒரு திறந்த மூலத் திட்டத்தின் பெயரைச் சொல்லி முடிவுகளை வாங்கிவிட முடியாது. திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும், சேவையின் தரப்பில் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மூலநிரல் உலகுக்கே திறந்து கிடக்கும்போது முடிவுகளுக்கு மட்டும் ஏன் பூட்டு என்று பலர் கேட்கிறார்கள். மூலநிரலைப் படித்து ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு திருடனுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். தணிக்கை அறிக்கை அந்த வாரங்களை ஐந்து நிமிடமாகச் சுருக்கிவிடுகிறது. கோப்பின் பெயர், வரி எண், எந்த வழியாக நுழையலாம் என்பது வரை அதில் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்திலேயே நடந்தது ஒன்று. கொள்முதல் மென்பொருள் விற்கும் இன்னொருவர் தன் நிரலைத் தவறுதலாக, இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் விட்டுவைத்திருந்தார். போட்டியாளர் ஒருவர் அதை எடுத்துத் தணிக்கைக் கருவியில் போட்டு, வந்த அறிக்கையை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். “இவர் சாமானின் லட்சணத்தைப் பாருங்கள்” என்பதுதான் நோக்கம். ஆனால் அந்த அறிக்கையில், கடவுச்சொல் இல்லாமலே திறக்கக்கூடிய பக்கத்தின் முகவரியும் இருந்தது. அந்த மென்பொருளில் கணக்கு வைத்திருந்த வியாபாரிகளும் அதே குழுவில்தான் இருந்தார்கள். யார் யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறார் என்பது அன்று மாலைக்குள் பலருக்குத் தெரிந்துபோனது. எழுதியவருக்கு வந்த நஷ்டத்தைவிட, ஒரு பாவமும் செய்யாத வியாபாரிகளுக்கு வந்த சங்கடம்தான் பெரிது.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினியில் நுழைவதையும் அதிலிருந்து தகவலை எடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய தவறாகச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. அறிக்கை சொன்ன ஓட்டை நிஜமா என்று பார்க்க அடுத்தவரின் சர்வரைத் திறந்து பார்த்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தவர் நிரலில் ஓட்டை கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் உரியவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அடைக்க அவகாசம் கொடுக்க வேண்டும். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 2014 முதல் பொதுவாக 90 நாள் கெடு வைக்கிறது. கெடுவுக்குள் அடைக்காவிட்டால் விவரம் வெளியே வரும். இந்தக் கெடு இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்கள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டா. கெடு மிகச் சிறியதாக இருந்தால் அடைப்பதற்குள் திருடன் வந்துவிடுவான். 90 என்ற எண் வானத்திலிருந்து விழுந்தது இல்லை. இரண்டு தரப்பும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட எண்.

ரகசியம் பற்றிய இன்னொரு விதியை மட்டும் என்னால் மதிக்க முடியவில்லை. சில வணிகக் கருவிகளின் உரிமத்தில், எங்கள் கருவியை வேறொன்றோடு ஒப்பிட்டு முடிவை வெளியிடக் கூடாது என்று இருக்கும். இது 1980களில் தரவுத்தள உலகில் தொடங்கிய வழக்கம். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டிவிட் தரவுத்தளங்களின் வேகத்தை அளந்து வெளியிட்டார். அதில் ஆரக்கிள் பின்தங்கியது. அதன் பிறகு உரிமத்தில் தடை வந்தது. இன்றும் அதை ‘டிவிட் விதி’ என்றே சொல்கிறார்கள். மற்ற ரகசிய விதிகள் ஓட்டையால் பாதிக்கப்படுபவரைக் காக்கின்றன. இது விற்பவரை மட்டும் காக்கிறது.

இலவசத்தின் அளவு

திறந்த மூலத்துக்கு இலவசம், தனியார் நிரலுக்குக் காசு. பெரும்பாலான சேவைகளின் கணக்கு இதுதான். கோட்கியூஎல்லைத் திறந்த மூல நிரல்மீதும் ஆய்வுக்காகவும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மூடிய நிரலைத் தினந்தோறும் தானாகச் சோதிக்க வைக்க வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும். சில சேவைகள் நிரலின் வரிகளை எண்ணி விலை போடுகின்றன. இறாலுக்கு எடை, நிரலுக்கு வரி.

இலவசத்துக்கும் வரம்பு உண்டு. கவரிட்டி ஸ்கேன் அறிவித்த கணக்கில், ஒரு லட்சம் வரிக்குக் குறைவான திட்டம் வாரத்தில் 28 முறை, ஒரு நாளில் 4 முறைவரை நிரலை அனுப்பலாம். ஐந்து லட்சம் வரை 21, நாளுக்கு 3. பத்து லட்சம் வரை 14, நாளுக்கு 2. அதற்கு மேல் போனால் வாரம் 7, நாளுக்கு ஒன்றுதான். நிரல் பெருக்கப் பெருக்க வாய்ப்பு குறைகிறது. பாதைகள் பெருகும் கணக்கை நினைத்துப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பங்கு பிரித்துக்கொண்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரே கடல், பல படகு.

இதனால் வேலை செய்யும் பழக்கமும் மாற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு காற்புள்ளி மாற்றத்துக்கும் சேவையை அழைத்தால் செவ்வாய்க்கிழமையே பங்கு தீர்ந்துவிடும். சிறு பிழைகளை உங்கள் கணினியிலேயே இருக்கும் எளிய கருவியில் பிடித்துவிட்டு, வாரக் கடைசியில் முழு நிரலையும் அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும். வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த நூலகங்களை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களை, கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல், யாரோ எழுதிய நிரலில் இருந்த 700க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தோம்.

அனுப்பக் கூடாதவை

நிரலை வெளிச் சேவைக்கு அனுப்புவது என்றால் வீட்டுச் சாவிக்கொத்தோடு வீட்டைக் காட்டுவது போன்றது. எங்கள் நிரலுக்குள் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் கடவுச்சொல்லை நேரடியாக எழுதி வைத்திருந்தேன். கருவி அதைக் கண்டு சொன்னதும் அந்த வரியை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அது நிம்மதியாக இருக்க வேண்டிய இடம் இல்லை. நிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியம் பழைய பதிப்புகளை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கும். அழித்த வரியும் அதில் இருக்கும். ஒருமுறை வெளியே போன கடவுச்சொல்லை மாற்றத்தான் வேண்டும், மறைத்துப் பயனில்லை.

அதைவிட மோசம், சோதனைக்காக வைத்திருந்த ஒரு கோப்பு. ‘மாதிரித் தரவு’ என்று பெயர் வைத்துவிட்டு, உண்மையான படகு உரிமையாளர்கள் சிலரின் கைப்பேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அதில் போட்டிருந்தோம். கற்பனைப் பெயர் எழுதச் சோம்பல்பட்டதன் விளைவு. பிறருடைய தனிப்பட்ட தகவலை அனுப்பக் கூடாது என்று சேவையின் விதி சொன்னது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023உம், ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவலை அந்தக் காரியத்துக்கு வெளியே கொண்டுபோகாதே என்கிறது. ரசீதுக்காக எண்ணைக் கொடுத்தவர், அது கடல் கடந்த சர்வர் ஒன்றில் சோதனைச் சரக்காகக் கிடக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தணிக்கைச் சேவையே களவு போகலாம் என்பதும் வெறும் பயம் இல்லை. சோதனைகள் நிரலில் எவ்வளவு பங்கைத் தொடுகின்றன என்று அளந்து சொல்லும் கோட்கவ் சேவையில், 2021 ஜனவரி 31 முதல் யாரோ நுழைந்து, வாடிக்கையாளர்கள் தங்கள் கணினியில் ஓட்டும் சிறு நிரலைத் திருத்தி வைத்திருந்தார்கள். சேர்த்தது ஒரே ஒரு வரி. ஓடும் சூழலில் இருக்கும் சாவிகளையும் கடவுச்சொற்களையும் எடுத்து வேறு ஒரு சர்வருக்கு அது அனுப்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் முதல் நாள், பதிவிறக்கிய நிரலின் சரிபார்ப்பு எண் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்) சேவை வெளியிட்ட எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் கவனித்துச் சொன்ன பிறகே விஷயம் வெளியே வந்தது. அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும்படி எல்லாச் சேவையும் எழுதித்தான் வைக்கிறது. எத்தனை பேர் பார்க்கிறோம்?

இப்போது சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளை வைத்துத் தணிக்கை செய்யும் சேவைகளும் வந்துவிட்டன. அவற்றின் விதிகளில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: அனுப்பும் நிரலைத் தங்கள் மாதிரியைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வார்களா, மாட்டார்களா? இலவசத் திட்டத்துக்கும் கட்டணத் திட்டத்துக்கும் இந்த ஒரு வரியில்தான் வித்தியாசம் இருக்கக்கூடும்.

‘எடை பூஜ்யமாக வராது’

இனிச் சொல்லப்போவதை எந்த ஒப்பந்தமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஆனால் நான் அதிகம் அடிபட்டது இங்கேதான்.

இறாலுக்கு விலை ‘கவுண்ட்’ கணக்கில். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். எண் குறைந்தால் இறால் பெரிது, விலை அதிகம். கூடையிலிருந்து ஒரு கை அள்ளி, மின்தராசில் வைத்து, இறாலை எண்ணி, எண்ணிக்கையை எடையால் வகுக்க வேண்டும். தராசிலிருந்து ஒரு கம்பி கணினிக்கு வருகிறது. எடை தானாகப் பதிவாகும். வகுப்பதற்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியின் மேல் கருவி மஞ்சள் கோடு போட்டு, வகுக்கும் எண் பூஜ்யமாக இருக்க வாய்ப்புண்டு என்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. இறாலைத் தராசில் வைத்த பிறகு எடை எப்படிப் பூஜ்யமாகும்? எச்சரிக்கையை ஒதுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும் என்பது பல சேவைகளின் நடைமுறை. தவறான எச்சரிக்கையா, தெரிந்தே செய்ததா, சோதனை நிரலா என்று கேட்கும். ‘தவறான எச்சரிக்கை’ என்று தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ‘எடை பூஜ்யமாக வராது’ என்று எழுதினேன்.

வாடைக்காற்று தொடங்கிய ஒரு விடியற்காலை, நாலரை மணி இருக்கும், மண்டபத்திலிருந்து அழைப்பு. “தம்பி, என் பெட்டியில் ஐஸ் உருகுகிறது, உங்கள் பெட்டி பேச மாட்டேன் என்கிறது” என்றார் கொள்முதல் நிலையத்துக்காரர். பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் படகுக்காரர்களுக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றியிருந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கவுண்ட்டை ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. தராசுக் கம்பியின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது. தராசின் முகப்பில் 1.020 கிலோ தெரிந்தது. கணினிக்கு வந்ததோ பூஜ்யம். வகுத்தல் பிழையில் நிரல் படுத்துவிட்டது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் முனையைத் தேய்த்துச் சொருகினேன், ஓடியது. நிரலைத் திருத்த ஆனது நான்கு வரி: எடை பூஜ்யமானால் கையால் தட்டச்சு செய்யச் சொல்.

கருவிக்கு உப்புக்காற்றும் தெரியாது, செம்பும் தெரியாது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நிரலில் எந்த உத்தரவாதமும் இல்லை என்று மட்டும் அதற்குத் தெரியும். எனக்குத் தராசு தெரியும், கடலும் தெரியும். அப்படியும் நான்தான் தவறினேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எச்சரிக்கையை ஒதுக்காமல், புரிந்துகொள்ளாமல், அது வாயை மூட வேண்டும் என்பதற்காகவே நிரலை மாற்றுவது. உலக அளவில் இதற்குப் பெயர் போனது டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கதை. 2006இல், மதிப்பு கொடுக்கப்படாத நினைவகம் பயன்படுகிறது என்று, நிரலை ஓடவிட்டுச் சோதிக்கும் வால்கிரைண்டு போன்ற கருவிகள், இணையத் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் இரண்டு இடங்களைச் சுட்டின. டெபியனில் அதைப் பராமரித்தவர் இரண்டு வரிகளையும் முடக்கிவிட்டார். எச்சரிக்கை நின்றது. ஆனால் அவற்றில் ஒன்று, தகவலைப் பூட்டும் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களைக் கலக்கும் வரி. அது போனதும் சாவியின் தற்செயல்தன்மைக்கு மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு அதிகபட்சம் 32,768 வாய்ப்புதான். ஒரு வகைச் சாவி எதுவானாலும் அந்த முப்பத்து இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே பூட்டு திறக்கும். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை டெபியனிலும் அதைச் சார்ந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள் இப்படித்தான் இருந்தன. உலகம் முழுக்கச் சாவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

எச்சரிக்கை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கு என்று மேலாளர் இலக்கு வைக்கும் இடங்களில் இந்தத் தவறு நடந்துகொண்டேதான் இருக்கும். இலக்கு வைக்க வேண்டுமானால், ஒதுக்கிய எச்சரிக்கைகளின் காரணங்களை இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று வைக்கலாம். என் குழுவில் வேறு யாராவது ‘எடை பூஜ்யமாக வராது’ என்ற வரியைப் படித்திருந்தால், தராசுக் கம்பியைப் பற்றி ஒரு கேள்வியாவது வந்திருக்கும்.

கருவி வாயை மூடிக்கொண்டால்

எல்லாச் சேவையின் விதிகளிலும் கடைசியில் ஒரு கைகழுவல் இருக்கும்: பிழை எதுவும் சொல்லவில்லை என்பதால் பிழையே இல்லை என்று நாங்கள் உறுதி தரவில்லை. வக்கீல் எழுதிய வாசகம்தான், ஆனால் பொய்யில்லை.

2014 ஏப்ரல் 7 அன்று வெளியே வந்த ஹார்ட்பிளீட் ஓட்டை, ஓபன்எஸ்எஸ்எல்லின் 2012 பதிப்பிலிருந்து இரண்டு ஆண்டு உலகத்தின் கண்முன் திறந்து கிடந்தது. ‘நான் அனுப்புவது இத்தனை எழுத்து, அதையே திருப்பி அனுப்பு’ என்று ஒரு கணினி இன்னொன்றைக் கேட்கும். அந்த ‘இத்தனை’ உண்மையா என்று நிரல் சரிபார்க்கவில்லை. ஒரே ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், பக்கத்து நினைவகத்தில் கிடந்த கடவுச்சொல், சாவி எல்லாம் சேர்ந்து வந்தன. அன்றைய முன்னணித் தணிக்கைக் கருவிகள் அதைப் பிடிக்கவில்லை. காரணம் மறுபடியும் சாயம்தான். அந்த எண் வலையமைப்பிலிருந்து வருகிறது என்பது கருவிக்குத் தெரியாததால் அதற்குச் சாயம் பூசவில்லை. ஓட்டை வெளியான சில நாட்களில் கவரிட்டிக்காரர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். வெளியிலிருந்து வரும் எண்களின் பைட்டுகளை நிரல்கள் வழக்கமாக முன்பின் மாற்றி அடுக்கும். அப்படி அடுக்கும் வரி எங்கே தெரிந்தாலும், அந்த எண் வெளியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டு சாயம் பூசு. அதைச் சேர்த்ததும் கருவி ஹார்ட்பிளீடைச் சரியாகக் காட்டியது. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். நீரின் நிறத்தைப் பார்த்து அடியில் பாரா (பாறைத்திட்டா) மணலா என்று சொல்கிறவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நிரலுக்கு மட்டும் பொருந்தாது. ஒரு லட்சம் வரி நன்றாக இருந்து ஒரு வரி உளுத்திருக்கலாம். அதனால்தான் அரசு வேலைகளுக்குக் கருவியின் அறிக்கை மட்டும் போதாது. அரசு இணையதளங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் சர்வரில் ஏற்றுவதற்கு முன், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளரின் சான்று கேட்கப்படுகிறது. அவர்களும் கருவிகளைத்தான் ஓட்டுகிறார்கள்; ஆனால் முடிவை மனிதர் படித்துக் கையெழுத்திடுகிறார். தாக்குதல் நடந்துவிட்டால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு. ‘கருவி பச்சை காட்டியது’ என்பது அங்கே பதிலாகாது.

மீன்வளத் துறையினர் தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்ய வரும்போது பதிவுச் சான்றும் பாதுகாப்புச் சாதனமும் பார்ப்பார்கள். அந்தத் தாள் வந்துவிட்டது என்று தச்சரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

இந்த ஆண்டு தடைக்காலத்தில், வியாபாரம் மந்தமாக இருந்ததால், பழைய எச்சரிக்கைகளை மூவரும் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தோம். ஒதுக்கி வைத்தவை 31. பத்தொன்பதைத் திருத்தினோம். பதினொன்றுக்குக் காரணத்தை விரிவாக எழுதி, ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டோம். மீதி ஒன்று தராசுக் கம்பி சம்பந்தப்பட்டது. எடை எண்ணாக இல்லாமல் வெறும் குப்பை எழுத்தாக வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறது. அப்படி வராது என்று எழுதக் கை போகிறது. நாளை காலை மண்டபத்துக்குப் போய், அந்தப் பழைய கம்பியைச் சொருகிப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.